சைக்கிளுக்குப் பவர் கூலிங் கிளாஸ்: கலரைக் கடைசியில் பாருங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரியில் இருக்கிறேன், வயது 43. இரண்டு கண்ணிலும் பவர் -3.25, சிலிண்டர் -0.75. வைத்திருப்பது ரோடு பைக். காலை ஐந்தரைக்குக் கிளம்பி கே.ஆர்.பி. அணை வரை போய் வருவேன். ஞாயிறு ராயக்கோட்டைப் பக்கம், எப்போதாவது தருமபுரி போய் வத்தல்மலை. பவர் போட்ட கூலிங் கிளாஸ் வாங்க வேண்டும். போலரைஸ்டு எடுப்பதா, போட்டோகுரோமிக் எடுப்பதா? கண்ணாடிக்கு உள்ளே தனியாகப் பவர் லென்ஸ் மாட்டுகிறார்களே, அது நல்லதா?

பதில்:

சுருக்கமாகச் சொன்னால் உங்களுக்கு மிதமான வளைவுள்ள ஸ்போர்ட்ஸ் ஃபிரேம் போதும். அதில் நேரடியாகப் பவர் போட்ட பாலிகார்பனேட் லென்ஸ், போட்டோகுரோமிக்காக, அதாவது வெயிலில் பிரவுனாகக் கறுத்து நிழலில் வெளுக்கும் வகையாக, வாங்குங்கள். பளபளக்கும் பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை வெட்டுகிற போலரைஸ்டு வேண்டாம். உள்ளே மாட்டுகிற வகை உங்கள் பவருக்கு இரண்டாம் தேர்வுதான். காரணங்கள் கீழே. கடைக்குப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது கலர். ஆனால் முடிவு செய்ய வேண்டிய வரிசை வேறு: முதலில் பவர், பவரைப் பொறுத்து ஃபிரேமின் வளைவு, அப்புறம் முகத்திலும் ஹெல்மெட்டுக்குள்ளும் அது உட்காரும் விதம், பிறகு லென்ஸ் எந்தப் பொருள், கடைசியில்தான் கலர். கலர் பிடிக்காவிட்டால் சமாளித்துக்கொள்ளலாம். வளைவு தப்பினால் தலைவலிதான்.

வளைவு ஏன் இவ்வளவு முக்கியம்? நாம் தினமும் போடும் கண்ணாடி முகத்துக்கு முன்னால் ஏறத்தாழ நேராக நிற்கிறது. சைக்கிள் கண்ணாடி காற்றும் தூசியும் புகாமல் இருக்க முகத்தைச் சுற்றி வளைந்து போகிறது. கடைக்காரர்கள் இதை ‘எட்டு பேஸ்’, ‘ஆறு பேஸ்’ என்பார்கள்; எண் கூடக் கூட வளைவு அதிகம். சாதாரணக் கண்ணாடி 2 முதல் 4 வரை இருக்கும். வளைந்த ஃபிரேமில் லென்ஸ் கண்ணுக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கிறது. சாய்ந்த லென்ஸின் பவர் மாறிவிடும், இல்லாத சிலிண்டரும், அதாவது ஒரு திசையில் மட்டும் கூடும் பவரும், வந்து சேரும். உங்கள் -3.25 பவரைப் பாலிகார்பனேட்டில் செய்து, 20 டிகிரி வளைந்த ஃபிரேமில் அப்படியே போட்டால், கண்ணுக்கு அது கிட்டத்தட்ட -3.37 ஆகவும், கூடவே 90 ஆக்ஸிஸில் (சிலிண்டர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதுதான் ஆக்ஸிஸ்) -0.45 சிலிண்டராகவும் தெரியும். உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் 0.75-உடன் இந்த 0.45 சேரும், அல்லது ஆக்ஸிஸ் மாறினால் குழப்பும். அதே பவர் 10 டிகிரி ஃபிரேமில் என்றால் கூடுவது 0.10 மட்டும், கண்ணுக்குத் தெரியாது. -1.50 பவர் உள்ளவருக்கு 15 டிகிரியில் 0.11 தான் வருகிறது. அவர் எந்த ஃபிரேமையும் எடுக்கலாம். -4.00 உள்ளவருக்கு 25 டிகிரியில் 0.90-ஐத் தாண்டிவிடும்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. லேபில் ஃபிரேமின் கோணத்துக்கேற்பப் பவரைத் திருத்திச் செய்து தருவார்கள். அதற்கு மூன்று அளவு கேட்பார்கள்: ஃபிரேம் முகத்தைச் சுற்றும் கோணம், லென்ஸ் கீழ்நோக்கிச் சாயும் கோணம், கண்ணிலிருந்து லென்ஸ் இருக்கும் தூரம். கடைசியாகச் சொன்னது பொதுவாக 12 முதல் 14 மி.மீ. இந்த மூன்றையும் அளக்காமல் வெறும் பவர் சீட்டை வாங்கிக்கொண்டு ஆர்டர் எடுக்கும் கடையில் வளைந்த ஃபிரேமுக்கு லென்ஸ் போடாதீர்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. “ஒரு மணி நேரம் இருங்க சார், இப்பவே போட்டுத் தர்றோம்” என்று சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். கடையில் ஸ்டாக் இருக்கும் மைனஸ் லென்ஸ்கள் தட்டையானவை. அவற்றை வளைந்த ஃபிரேமில் அமுக்கித் திணித்தால் ஃபிரேம் விரிந்து, கை இரண்டும் அகன்று, மூக்கில் நிற்காமல் நழுவும். லென்ஸ் ஓரத்தில் இறுக்கம் ஏறி ஒருநாள் குழியில் இறங்கும்போது தெறித்து வெளியே விழும். வளைந்த லென்ஸ் உங்கள் பவருக்கென்று தனியாகக் கடைந்து வர வேண்டியது, சில நாட்கள் ஆகத்தான் செய்யும்.

பவர் அளவை வைத்து ஒரு கோடு போடலாம். இரண்டு பவர் வரை எட்டு பேஸ் தாராளம். இரண்டிலிருந்து நான்கு வரை ஆறு பேஸ் ஃபிரேம், திருத்திய பவருடன். நான்குக்கு மேல் மைனஸ் என்றால் வளைந்த லென்ஸின் வெளியோரம் தடித்துவிடும். கன்னத்தில் இடிக்கும், பக்கவாட்டில் பார்க்கும்போது உருவம் வளையும். ஆறுக்கு மேல் போனால் வளைந்த ஃபிரேமில் பவர் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, உள்ளே மாட்டும் வகைக்கோ கான்டாக்ட் லென்ஸுக்கோ போவது நல்லது. உங்களுடையது நடுவில் விழுகிறது, அதனால்தான் ஆறு பேஸ் என்கிறேன்.

உள்ளே மாட்டும் வகையைப் பற்றிக் கேட்டீர்கள். வெளியே ஒரு பெரிய பவர் இல்லாத கவசம், அதன் பின்னால் மூக்குப் பகுதியில் கிளிப் போல மாட்டிய சின்னப் பவர் லென்ஸ் ஜோடி. நன்மை தெளிவானது. உள்ளே இருப்பது தட்டையான சாதாரண லென்ஸ். பவர் மாறினால் அதை மட்டும் மாற்றினால் போதும். வெளிக் கவசத்தை வெயிலுக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம். கெடுதலும் உண்டு. இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு சந்து இருப்பதால் வியர்வை ஆவி அதற்குள் தங்கிப் பனி படியும். கிரானைட் லாரி போகும் சாலையில் அந்தச் சந்துக்குள் போன தூளைத் துடைக்கக் கழற்றி மாட்ட வேண்டும். பின்னாலிருந்து வெயில் அடித்தால் இரண்டு பரப்பிலும் பிரதிபலிப்பு. லென்ஸ் கண்ணுக்கு நெருக்கமாக இருப்பதால் இமை முடி உரசி எண்ணெய்ப் பூச்சாகும். வத்தல்மலை மாதிரி ஏற்றத்தில் மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்றே இருக்காது, இந்தச் சந்து நிச்சயம் மங்கும். சமவெளியில் ஓட்டுபவருக்கு இது பெரிய குறை இல்லை.

கான்டாக்ட் லென்ஸ் போட்டு மேலே சாதா ஸ்போர்ட்ஸ் கண்ணாடி என்பது பார்வைக்கு எல்லாவற்றையும் விடச் சுத்தமான வழி. ஓரங்களில் உருவம் வளையாது, கண்ணாடியை எந்தக் கலரிலும் மலிவாக வாங்கலாம். உங்கள் -0.75 சிலிண்டருக்கும் டோரிக் கான்டாக்ட் லென்ஸ் கிடைக்கும். ஆனால் தினமும் போட்டுத் தூக்கி எறியும் வகையாக எடுங்கள். வழியில் தூசி உள்ளே போய்விட்டால் குழாய்த் தண்ணீரில் கழுவி மறுபடி போட்டுக்கொள்வது கூடவே கூடாது. கழற்றி எறிந்துவிட்டுப் பையில் இருக்கும் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். அந்தப் பழைய கண்ணாடி பையில் இல்லாமல் கான்டாக்ட் லென்ஸில் கிளம்புவது விவேகம் இல்லை.

இனி உட்காரும் விதம். சைக்கிளுக்கும் மற்றக் கண்ணாடிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதில்தான், கடையில் யாரும் கேட்பதும் இல்லை. ரோடு பைக்கில் குனிந்து கைப்பிடியைப் பிடிக்கும்போது முகம் தரையை நோக்கி இருக்கும், கண் மட்டும் மேலே ஏறிச் சாலையைப் பார்க்கும். கண்ணை 20 டிகிரி உயர்த்தினால், பார்வை லென்ஸில் வழக்கமான இடத்திலிருந்து ஏறத்தாழ 10 மி.மீ. மேலே போய்விடும். அந்த இடத்தில் ஃபிரேமின் மேல் விளிம்பு இருந்தால் சாலைக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு நிற்கும். அதனால் மேலே விளிம்பே இல்லாத, அல்லது மிக மெல்லிய விளிம்பும் உயரமான லென்ஸும் உள்ள ஃபிரேம்தான் வேண்டும். மேலே கறுப்பு, கீழே வெளுப்பு என்று இறங்குகிற சாயலும் இதே காரணத்தால் தவறு. நீங்கள் பார்ப்பது எப்போதும் மிகக் கறுத்த பகுதி வழியாகத்தான்.

கடையில் இதைச் சோதிக்க ஹெல்மெட்டை எடுத்துப் போங்கள். ஃபிரேமைப் போட்டு, ஹெல்மெட்டை மாட்டி, ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து, எதிர்ச் சுவரைப் பாருங்கள். மேல் விளிம்பு தெரிகிறதா, ஹெல்மெட்டின் முன் ஓரம் ஃபிரேமைத் தள்ளி மூக்கில் இறக்குகிறதா என்று தெரிந்துவிடும். அதே நிலையில் கண்மணி எங்கே வருகிறது என்று மாதிரி லென்ஸில் மார்க்கரால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள், நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொரு புள்ளி. லென்ஸின் மையம் இரண்டுக்கும் நடுவே வரட்டும். இரு கண்ணிலும் ஒரே பவர் உள்ள உங்களுக்கு இது சொகுசுக்காக மட்டும். ஒரு கண் -2, மறு கண் -4 என்று வித்தியாசம் உள்ளவருக்குக் கட்டாயம். அவர் மையத்திலிருந்து 10 மி.மீ. மேலே பார்த்தால் இரண்டு கண்ணுக்கும் நடுவே 2 பிரிஸம் வித்தியாசம் வரும், அதாவது இரண்டு கண்ணும் உருவத்தை வேறு வேறு உயரத்தில் பார்க்கும்; அரை மணியில் கண் இழுக்கும், சிலருக்கு இரட்டையாகவே தெரியும்.

கைகள் நேரானவையாகவும் ரப்பர் முனையுடனும் இருக்க வேண்டும். காதுக்குப் பின்னால் கொக்கி போல வளைந்தவை ஹெல்மெட்டின் பின் பட்டியில் இடிக்கும். கை அகலமாக இருந்தால், தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் வரும் லாரியைப் பார்க்கும்போது சரியாக அந்த இடத்தை மறைக்கும். கிருஷ்ணகிரி சுற்று வட்டாரத்தில் ஓட்டுகிறவருக்கு அந்தப் பார்வைதான் உயிர். ஓட்டும்போது கையை ஹெல்மெட் பட்டிக்கு வெளியே விடுங்கள். விழுந்தால் கண்ணாடி தானாகக் கழன்று போகும். உலோக நோஸ் பேட் வேண்டாம், அடிபட்டால் குத்தும். வளைத்துச் சரிசெய்யக்கூடிய ரப்பர் நோஸ் பேட் நல்லது. நம் மூக்குப் பாலம் பலருக்குத் தாழ்வு, வெளிநாட்டு அளவில் செய்த ஃபிரேம் கன்னத்தில் போய் உட்காரும். சிரித்துப் பாருங்கள், கன்னம் ஃபிரேமைத் தூக்கினால் அது உங்களுக்கில்லை. பக்கவாட்டு இடைவெளியில் சுண்டுவிரல் நுழையும் என்றால் வத்தல்மலை இறக்கத்தில் கண்ணில் தண்ணீர் கொட்டும். இடைவெளியே இல்லாமல் ஒட்டினாலோ பனி படியும். காகிதம் நுழையும் அளவுக்குச் சந்து, மேலே காற்றுப் போகச் சின்னத் துளைகள் என்றிருப்பது சரியான அளவு.

லென்ஸ் பொருளில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சாதாரண ஃபைபர் லென்ஸ் எனப்படும் சி.ஆர்.39 தெளிவானது, ஆனால் கல் தெறித்தால் உடையும், சைக்கிளுக்கு ஆகாது. பாலிகார்பனேட் எளிதில் உடையாது, யூவி கதிரைத் தானே தடுக்கும். குறை, ஓரங்களில் லேசான வண்ணச் சிதறலும் சீக்கிரம் கீறல் விழுவதும். ட்ரைவெக்ஸ் கிட்டத்தட்ட அதே உறுதி, பார்வை இன்னும் தெளிவு, விலை கூடுதல், சற்றே தடிமன். உங்கள் பவருக்கு இரண்டும் சரி, கையிலிருக்கும் பணத்தைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். 1.67, 1.74 என்று ‘மெலிசு லென்ஸ்’ பரிந்துரைத்தால் வேண்டாம். மெலிவு கிடைக்கும், அடி தாங்கும் திறன் பாலிகார்பனேட் அளவுக்குக் கிடைக்காது. பாலிகார்பனேட்டில் கடையில் முக்கிச் சாயம் ஏற்றுவது ஆழமாகப் பிடிக்காது, அதனால் கறுப்பாக வேண்டுமென்றால் தொழிற்சாலையிலேயே சாயலோடு வரும் லென்ஸைக் கேளுங்கள். எதுவானாலும் உள்பக்கம் பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு கட்டாயம். கறுத்த லென்ஸின் பின்பக்கத்தில் உங்கள் கண்ணே உங்களுக்குத் தெரிந்துகொண்டிருக்கும், அதைத் தடுப்பது இதுதான்.

இப்போது கலர். ஐ.எஸ்.ஓ. 12312-1 தரம் கறுமையை 0 முதல் 4 வரை பிரிக்கிறது. 3 என்றால் வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதம் மட்டும் உள்ளே விடும், நடுப்பகல் வெயிலுக்கு. 2 என்றால் 18 முதல் 43 சதவீதம். 4 வண்டி ஓட்டவே கூடாதது. கறுமைக்கும் யூவி தடுப்புக்கும் சம்பந்தம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். சாலையோரத்தில் விற்கும் கறுத்த கண்ணாடியில் யூவி தடுப்பு இல்லையென்றால், விரிந்த கண்மணிக்குள் கூடுதல் கதிரைத்தான் அனுப்பும். ‘யூவி 400’ என்ற எழுத்தை நம்பாமல் கடையில் யூவி மீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லலாம். இல்லையென்றால் ரூபாய் நோட்டுச் சோதிக்கும் யூவி டார்ச் அடித்து, லென்ஸை நடுவில் பிடியுங்கள். நோட்டின் எண் பகுதியும் இழைகளும் ஒளிர்வது நிற்க வேண்டும். இது முழுச் சோதனை இல்லை, போலியைக் கழிக்க மட்டும் உதவும்.

நீங்கள் ஐந்தரைக்குக் கிளம்பி ஏழரைக்குத் திரும்புகிறவர். அந்த இரண்டு மணியில் இருட்டும், விடியலும், கண்ணில் குத்தும் கீழ்வானச் சூரியனும், புளியமர நிழலும் வெயிலும் மாறி மாறி வரும். நிலையான 3-ஆம் வகைக் கறுப்பு முதல் அரை மணிக்கு ஆபத்து. போட்டோகுரோமிக் இங்கேதான் பொருந்துகிறது. அதற்கும் ஒரு குணம் உண்டு. சூடு ஏற ஏற அது குறைவாகத்தான் கறுக்கும். மே மாத மதியத்தில் தருமபுரியில் ஓட்டினால் விளம்பரப் படத்தில் பார்த்த கறுமை வராது. மார்கழிக் காலையில் ஓசூர்ப் பக்கம் நன்றாகக் கறுக்கும், ஆனால் மறுபடி வெளுக்கப் பல நிமிடம் எடுக்கும். நிழலுக்குள் நுழைந்தவுடன் மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிரந்தர அடிச்சாயல் லேசாக உள்ளதாக வாங்காமல், முழுக்க வெளுக்கும் வகையாக வாங்குங்கள், காரணம் உங்கள் ஐந்தரை மணி இருட்டு. காலை எட்டுக்கு மேல் மட்டும் ஓட்டுகிறவருக்குப் போட்டோகுரோமிக் தேவையே இல்லை. நிலையான பிரவுன், கறுமை 2-க்கும் 3-க்கும் இடையில், அவ்வளவுதான். பிரவுன் ஏன் என்றால், தார்ச் சாலையில் குழி, ஜல்லி, மணல் ஆகியவற்றின் விளிம்பைச் சாம்பலை விடத் துலக்கமாகக் காட்டும். சாம்பல் நிறங்களை மாற்றாது. சிவப்பு பச்சை பிரித்தறியச் சிரமம் உள்ளவர்கள் சாம்பல்தான் எடுக்க வேண்டும்.

போலரைஸ்டு ஏன் வேண்டாம் என்றேன்? அணைத் தண்ணீரில் தெறிக்கும் ஒளியை அது அருமையாக வெட்டும், உண்மைதான். ஆனால் ஈரச் சாலையின் பளபளப்பையும் சிந்திய டீசலின் மினுக்கத்தையும் சேர்த்து வெட்டிவிடும், சைக்கிளில் வளைவில் சாயும்போது அந்த மினுக்கம்தான் எச்சரிக்கை. கைப்பிடியில் உள்ள மீட்டரும் போனும் சில கோணத்தில் கறுத்துத் தெரியும். மீன் பிடிக்கவும் கார் ஓட்டவும் நல்ல லென்ஸ் அது.

வயது 43 என்பதால் ஒரு வார்த்தை. வெள்ளெழுத்து வாசலில் நிற்கிறது, ஆனால் கைப்பிடி மீட்டர் அரை மீட்டருக்குச் சற்று அப்பால் இருப்பதால் இப்போதைக்குச் சிங்கிள் விஷன், அதாவது முழுக்க ஒரே பவர் உள்ள லென்ஸ், போதும். ஐம்பதைத் தாண்டியவர்கள் வளைந்த ஃபிரேமில் தூரத்துக்கும் பக்கத்துக்கும் சேர்த்துப் பவர் உள்ள ப்ரோகிரசிவ் போட நிறையச் செலவழிப்பதை விட, மீட்டரில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், அல்லது லென்ஸின் அடியில் பக்கத்தில் பார்க்க மட்டும் சின்னப் பைஃபோக்கல் வட்டம் போடலாம். குனியும்போது பார்வை மேலே போவதால் அந்த வட்டம் சாலையில் குறுக்கிடாது.

ஆர்டருக்கு முன் கண் டெஸ்ட் புதிதாக எடுங்கள், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட சீட்டை வைத்து இவ்வளவு செலவு செய்யாதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் அது கட்டுக்குள் இருக்கும் வாரத்தில் டெஸ்ட் எடுக்க வேண்டும். சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் ஏறி இறங்கும். பி.டி. எனப்படும் கண்மணித் தூரத்தை இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக, மூக்கின் நடுவிலிருந்து எழுதி வாங்குங்கள்.

கண்ணாடி வந்ததும் லென்ஸின் பவரை அளக்கும் லென்ஸோமீட்டரில் வைத்தால் சீட்டில் உள்ள பவர் காட்டாது. திருத்திய லென்ஸ் அப்படித்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். லேப் அனுப்பும் திருத்திய பவர் சீட்டோடுதான் ஒப்பிட வேண்டும். வளைந்த ஃபிரேமில் போட்ட லென்ஸ் மருத்துவர் எழுதிய பவரை அச்சு மாறாமல் காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும், திருத்தமே செய்யவில்லை என்று அர்த்தம். போட்டு நடக்கும்போது முதல் இரண்டு மூன்று நாள் தரை சற்று வளைந்தோ சாய்ந்தோ தெரியலாம். வீட்டில் போட்டுப் பழகிவிட்டு அப்புறம் சைக்கிள் எடுங்கள். ஒரு வாரம் கழித்தும் கதவு நிலை வளைந்தே தெரிந்தால், அல்லது ஒரு கண்ணை மூடினால் தெளிவாகவும் இரண்டும் திறந்தால் இழுப்பாகவும் இருந்தால், திருப்பிக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள்.

துடைப்பதில் நம் ஊருக்கே உரிய ஆபத்து கிரானைட் தூள். அதில் உள்ள குவார்ட்ஸ் லென்ஸ் பூச்சை விடக் கடினமானது. பனியன் நுனியால் ஒருமுறை துடைத்தால் போதும், வட்ட வட்டமாகக் கீறல். முதலில் தண்ணீர் ஊற்றித் தூளை ஓட விட்டு, ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விரலால் தடவி, அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். ஏற்றத்துக்கு முன் உள்பக்கம் அந்தச் சோப்பை மெல்லிசாகத் தடவித் துடைத்தால் கொஞ்ச நேரம் பனி பிடிக்காது. பனித் தடுப்புப் பூச்சு உள்ள லென்ஸை ஈரமாக இருக்கும்போது தேய்க்காதீர்கள், பூச்சு வந்துவிடும். வெந்நீர் வேண்டாம். செயின் துடைக்கும் தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் இவற்றில் எது பட்டாலும் பாலிகார்பனேட் வெண்மையாக வெடிக்கும். காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மலையடிவாரம் போகிறவர்கள் கண்ணாடியை டேஷ்போர்டில் விட்டுச் செல்லக் கூடாது, அந்தச் சூட்டில் பூச்சு சிலந்திவலை போல விரிசல் விடும்.

லேப் கொடுத்த திருத்திய பவர் சீட்டையும், ஃபிரேமின் கைக்கு உள்பக்கம் எழுதியிருக்கும் மாடல் எண்ணையும் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கீறல் விழுந்து லென்ஸ் மட்டும் மாற்றும்போது, பவர் மாறாமல் இருந்தால், மறுபடி கோணம் அளக்காமல் அந்த இரண்டை வைத்தே ஆர்டர் போட்டுவிடலாம்.